கொக்கிச் சுவடியும் கிராமத்துக் குரலும்: பழைய ரஷ்யப் பாட்டை எப்படி மீட்பது?

1 | நெவாக்கரை

எல்லோருக்கும் வணக்கம். பீட்டர்ஸ்பர்க்கில் குடியேறிப் பதினொரு வருடம் ஆகிறது. கடைசி மூன்று குளிர்காலமாக வியாழன் மாலைகளில் ஒரு சிறு பாட்டுக் குழுவுக்குப் போய்வருகிறேன். ஒன்பது பேர் இருக்கிறோம். ஒரு பல்மருத்துவர், ஒரு நூலகர், டிராம் ஓட்டும் ஒரு அம்மா, இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். யாரும் தொழில்முறைப் பாடகர் இல்லை.

நாங்கள் கற்பது ஸ்னாமென்னி என்ற பழைய தேவாலயப் பாட்டு. 988-இல் கீவ் இளவரசர் விளாதிமிர் ஞானஸ்நானம் பெற்றபோது பைசாந்தியத்திலிருந்து வழிபாடும் அதோடு பாட்டும் வந்தன. 11, 12-ஆம் நூற்றாண்டுச் சுவடிகளிலேயே அந்தப் பாட்டுக்குக் குறியீடு இருக்கிறது. ‘ஸ்னாம்யா’ என்றால் குறி என்று பொருள். ஐந்து கோடு போட்டு அதில் புள்ளி வைக்கும் முறை அல்ல இது. வரிக்கு மேலே மையால் சின்னச் சின்னக் கொக்கிகள் போட்டிருக்கும். அதனால் பேச்சுவழக்கில் ‘க்ரியூக்கி’, அதாவது கொக்கிகள். எல்லோரும் ஒரே மெட்டை ஒரே குரலாகப் பாட வேண்டும். வாத்தியம் கிடையாது, தாளக்கட்டும் கிடையாது. சொல் எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு நேரம்.

இதோடு கிராமத்துப் பாட்டுகளையும் படிக்கிறோம். திருமணப் பாட்டு, வசந்தத்தைக் கூவி அழைக்கும் பாட்டு, நோன்புக் காலத்தில் வீட்டில் பாடும் ஆன்மிகப் பாட்டு.

வசந்தத்தில் ஒரு கிராமத்துக் கோயிலில் அரை மணி நேரம் பாட அழைத்திருக்கிறார்கள். இங்கேதான் குழுவுக்குள் பெரிய கருத்து வேறுபாடு. பாதிப் பேர் ‘ஈசோன்’ வேண்டும் என்கிறார்கள். ஒரு சிலர் அடியில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்க மற்றவர்கள் மேலே மெட்டைப் பாடுவது. கேட்க அப்படி ஒரு கம்பீரம். மற்றவர்கள் ‘ரஷ்யச் சுவடியில் இல்லாததை ஏன் சேர்க்க வேண்டும்’ என்கிறார்கள். இரண்டாவது பிரச்சினை குரல். மேடைக் குரலில் வழுவழுப்பாகப் பாடுவதா, கிராமத்தவர்களைப் போல நெஞ்சைத் திறந்து பாடுவதா? எனக்கே இரண்டிலும் தெளிவில்லை. இந்தக் களத்தில் இசையும் வரலாறும் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறீர்கள். மனம் விட்டுச் சொல்லுங்கள்.

2 | கட்டைச்சுருதி

நெவாக்கரை தம்பி, தலைப்பைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். நான் வாய்ப்பாட்டு கற்பிப்பவள். தம்பூரா இல்லாமல் பாடுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அடியில் ஒரு சுருதி நின்றால்தானே மேலே போகும் சுரத்துக்கு அர்த்தம் வரும்? என் ஓட்டு ஈசோனுக்கு.

ஒரு சந்தேகம். எட்டுக் ‘குரல்’ என்று ஒரு முறை உண்டு என்று படித்திருக்கிறேன். அது நம் ராகம் மாதிரியா?

3 | நெவாக்கரை

ஆமாம் அக்கா, எட்டு. ஒவ்வொன்றுக்கும் ‘க்லாஸ்’ என்று பெயர், குரல் என்றே பொருள். வாரத்துக்கு ஒரு க்லாஸ், எட்டு வாரம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஆண்டு முழுக்க இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆனால் ஒரு க்லாஸை அடையாளம் காட்டுவது ஆரோகண அவரோகணம் அல்ல. ‘பொப்பெவ்கா’ என்ற சிறு சுரக்கோவைகள்தான். ராகத்தின் பிடிகள் என்று சொல்வோமே, அதற்கு ரொம்ப நெருக்கம். ஒரு பாட்டு முழுவதும் பிடிகளைக் கோத்த மாலைதான். தேர்ந்த பழைய பாடகர் கொக்கியை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை, பிடியை மொத்தமாகப் பார்த்ததுமே வாய்க்கு வந்துவிடும்.

குறிகளுக்கு இருக்கும் பெயர்களைக் கேளுங்கள். கொக்கி, அம்பு, கிண்ணம், கோல், குட்டிப்புறா, சிலந்தி. ஒரு குறிக்குப் பெயர் ‘படகில் இருவர்’. இந்தப் பெயர்களுக்காகவே நான் இரண்டாவது வகுப்புக்கும் போனேன்.

சுர அமைப்பும் வேறு. மொத்தம் பன்னிரண்டு சுரம், மும்மூன்றாக நான்கு கட்டு. அடியிலிருந்து அவற்றின் பெயர்கள்: எளியது, இருண்டது, ஒளியுள்ளது, மும்மடங்கு ஒளியுள்ளது. ஒவ்வொரு கட்டுக்குள்ளும் சுரங்களுக்கு நடுவே முழு இடைவெளி, ஒரு கட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அரை இடைவெளி.

4 | பழஞ்சுவடி

ஈசோன் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத் தேவாலயங்களில் அது உயிரோடு இருக்கும் மரபு. பழைய ரஷ்யச் சுவடிகளில் அதற்கு ஆதாரம் கிடையாது. இன்று வலாம் மடத்துப் பாடகர்கள் போன்றவர்கள் ஈசோனோடு பாடிப் பதிவு செய்த ஒலித்தட்டுகள் உலகமெங்கும் போய்ச் சேர்ந்ததால், ஸ்னாமென்னி என்றாலே அந்த ரீங்காரம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் பாட்டு அழகானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘மீட்டெடுத்தோம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது எது மீண்டது, எது புதிதாக வைத்தது என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, சுவடி இருப்பதாலேயே பாட்டு கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். மிகப் பழைய கொக்கிகள் சுரத்தின் சரியான உயரத்தைச் சொல்வதில்லை. மேலே போ, இங்கே நீட்டு, இங்கே அசை என்ற அளவில்தான். பாட்டை ஏற்கெனவே காதால் தெரிந்தவருக்கான நினைவுக்குறிப்பு அது. 1600-ஐ ஒட்டி நோவ்கோரத் ஊர்க்காரர் இவான் ஷைதூர் கொக்கிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் சின்ன எழுத்துகளைப் போடும் முறையை ஒழுங்குபடுத்தினார். தாழ்வு, நடு, இருள், உயர்வு என்ற சொற்களின் முதல் எழுத்துகள். அதன் பிறகு எழுதப்பட்ட சுவடிகளைத்தான் நாம் உறுதியாக வாசிக்க முடிகிறது. 1668-இல் அலெக்சாந்தர் மெசெனெத்ஸ் என்ற துறவி, கறுப்பு மையிலேயே கொக்கியோடு ஒட்டிப் போடும் சிறு கோடுகளைச் சேர்த்துப் பாடநூல் எழுதினார். இரண்டு நிறத்தில் அச்சிடுவது கடினம், ஒரே நிறம் என்றால் அச்சடித்துவிடலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. அந்த அச்சு நடக்கவேயில்லை. அதற்குள் காலம் மாறிவிட்டது.

கொந்தகார் என்று இன்னொரு வகைச் சுவடி இருக்கிறது. மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன, 14-ஆம் நூற்றாண்டோடு அந்தக் குறியீடே வழக்கொழிந்தது. கொக்கிகளுக்கு மேலே இன்னொரு வரிசையில் பெரிய சுழிகள். இன்றுவரை முழுமையாக யாராலும் வாசிக்க முடியவில்லை. கண்ணெதிரே விரித்து வைத்திருக்கிறது, ஆனால் ஒலி இல்லை. குறியீடு தானாகப் பாடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

5 | நாலுகுரல்

பழஞ்சுவடி ஐயாவை மதிக்கிறேன். ஆனாலும் இந்தப் பேச்சில் ஒரு வருத்தம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

நான் சென்னையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் இருபது வருடமாக ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடுகிறேன். ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினவின் ‘இரவு முழுதும் விழிப்பு’ வழிபாட்டிலிருந்து இரண்டு பாட்டுகளை ஒரு முழு வருடம் பயின்று பாடினோம். அந்த ஐந்தாம் பாட்டின் முடிவில் கட்டைக்குரல்கள் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும் இடத்தில் எங்கள் குழுவில் அழாதவர்கள் இல்லை. ஒற்றைக் குரல்தான் அசல், பல குரலில் பாடுவதெல்லாம் மேற்கிலிருந்து வந்த கலப்படம் என்று பழைய பாட்டை மீட்பவர்கள் பேசுவதைப் பல இடங்களில் படித்துவிட்டேன். அப்படியானால் முந்நூறு வருடம் ரஷ்ய மக்கள் கோயிலில் நின்று கேட்டு அழுதது எது?

6 | பழஞ்சுவடி

நாலுகுரல் அம்மா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ‘கலப்படம்’ என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன்.

நடந்தது இதுதான். 1650-களில் ரஷ்யத் திருச்சபையின் தலைவரான பாத்திரியார்க்கர் நீக்கன் வழிபாட்டு நூல்களையும் சடங்குகளையும் கிரேக்க முறைக்கு ஏற்பத் திருத்தினார். இரண்டு விரலால் சிலுவை இடுவது மூன்று விரலானது. இயேசுவின் பெயருக்கே ஓர் எழுத்து கூடியது. அதே காலத்தில் கீவிலிருந்து பாடகர்கள் மாஸ்கோ வந்தார்கள், பல குரல் பாட்டும் ஐந்துகோட்டுக் குறியீடும் அவர்களோடு பரவின. 18-ஆம் நூற்றாண்டில் அரண்மனைக்கு இத்தாலிய ஆசிரியர்கள் வந்தார்கள். உக்ரைனின் ஹ்லூகிவ் ஊரில் பிறந்த இசையமைப்பாளர் பர்த்னியான்ஸ்கி இத்தாலியில் படித்துத் திரும்பி 1796-இல் அரசவைப் பாடகர் குழுவின் தலைவரானார். அவரும் பெரிய கலைஞர்தான். கொக்கிப் பாட்டு மட்டும் பெரிய கோயில்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போனது.

நீங்கள் பாடிய ராக்மனினவ் படைப்பு யாருக்குச் சமர்ப்பணம் தெரியுமா? ஸ்திபான் ஸ்மலியென்ஸ்கியின் நினைவுக்கு. கசானில் ஆசிரியராக இருந்தபோது அங்கே கொண்டுவந்து வைத்திருந்த சலவெத்ஸ்கி மடத்துச் சுவடிகளில் மூழ்கியவர் அவர். மெசெனெத்ஸின் பாடநூலை 1888-இல் பதிப்பித்தார், அடுத்த ஆண்டு மாஸ்கோவில் திருச்சபை ஆட்சிமன்றமான சினாட் நடத்திய பாடசாலையின் இயக்குநரானார். அந்தப் பள்ளியில் ஆசிரியராக இருந்த கஸ்தால்ஸ்கி கிராமத்தார் பாடும்போது குரல்கள் எப்படிப் பிரிந்து சேர்கின்றன என்று ஆராய்ந்தார், பழைய கோயில் மெட்டுகளை அந்த முறையிலேயே பல குரலுக்கு அமைத்தார். ராக்மனினவ் 1915-இல் நிற்பது இவர்கள் போட்ட தளத்தின் மேல். உங்களை அழவைத்த பாட்டுக்குள்ளேயே மீட்பும் இருக்கிறது.

முதல் அரங்கேற்றத்தைப் பாடிய சினாட் பாடகர் குழு மூன்றே வருடத்தில், 1918-இல், கலைந்துபோனது. பிறகு வந்த பத்தாண்டுகளைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

7 | நாலுகுரல்

ஸ்மலியென்ஸ்கி பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். யார் என்று ஒருநாளும் தேடிப் பார்க்கவில்லை. நன்றி ஐயா.

8 | குர்ஸ்க்_டாக்டர்

நான் குர்ஸ்கில் மருத்துவம் படித்தவள். சுவடி பற்றி ஒன்றும் தெரியாது. குரலைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்.

மூன்றாம் வருடம் என் அறைத்தோழி, மாகாணத்தின் தெற்கில் இருக்கும் தன் பாட்டியின் ஊருக்கு அழைத்துப் போனாள். பனி உருகிச் சேறாகக் கிடந்த நேரம். மாலையில் பாட்டி வீட்டில் ஆறு பெண்கள் கூடினார்கள், எல்லோருக்கும் எழுபதுக்கு மேல். ஒருவர் மட்டும் முதல் வரியைத் தொடங்கினார். இரண்டாவது வரியில் மற்ற ஐவரும் சேர்ந்தபோது நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பலகை அதிர்ந்ததை உள்ளங்கையில் உணர்ந்தேன். அது சத்தம் போட்டுப் பாடியதால் இல்லை. குரல்கள் ஒன்றோடொன்று உரசி நின்ற விதம் அப்படி. தொண்டையில் நடுக்கம் இல்லை, நெளிவு இல்லை. பேசுகிற குரல்தான், வயலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடுகிற அளவுக்கு நீண்டிருந்தது.

தாழ்ந்த குரலை அவர்கள் ‘தடித்த குரல்’ என்றும் மேல் குரலை ‘மெல்லிய குரல்’ என்றும் சொன்னார்கள். யாருக்கு எது என்று எழுதி வைத்த பங்கு எதுவும் கிடையாது. அதே பாட்டை மறுபடி பாடச் சொன்னேன். பாடினார்கள், ஆனால் அதே மாதிரி இல்லை. இரண்டாவது அம்மா வேறு வழியில் போனார், மூன்றாமவர் அதற்கேற்ப விலகிக்கொண்டார். கடைசிச் சுரத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்.

நானும் பாட முயன்றேன். பாட்டி என் கையைப் பிடித்து, ‘குரலை உள்ளேயே வைத்துக்கொண்டு நிற்காதே மகளே, எதிரில் இருப்பவளிடம் கொடு’ என்றார். ஏழு வருடமாகச் சென்னையில் நோயாளிகளோடு பேசும்போதுகூட அந்தச் சொல் ஞாபகம் வருகிறது.

பிறகு இரண்டு பேர் ‘குகீக்லி’ எடுத்தார்கள். நாணல் தண்டுகளை வரிசையாகப் பிடித்து ஊதுவது. ஊதும் மூச்சுக்கு நடுவே வாயாலும் ஒரு குரல் கொடுப்பார்கள். ஊதுவது எது, குரல் எது என்று பிரிக்க முடியாது. எங்கள் வயதுப் பெண்கள் ஒருவருக்கும் அது தெரியாது என்று பாட்டி சொன்னபோது குரலில் புகார் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

9 | ஒலிநாடா

டாக்டர் அம்மா, நீங்கள் கேட்டதை 1897-இல் ஒரு பெண் மெழுகு உருளையில் பிடிக்கத் தொடங்கினார். எவ்கேனியா லின்யோவா. அதுவரை கிராமத்துப் பாட்டைச் சேகரித்தவர்கள் பெரும்பாலும் ஒருவரைப் பாடச் சொல்லிக் காதால் கேட்டு எழுதினார்கள், வீட்டுக்கு வந்து பியானோவுக்கு ஏற்ப ஒத்திசை சேர்த்தார்கள். லின்யோவா ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கூட்டமாகப் பாடுவதை அப்படியே பதிவு செய்தபோதுதான், ஒவ்வொருவரும் ஒரே மெட்டின் தனக்கான வடிவத்தைப் பாடுகிறார் என்பது படித்தவர்களுக்குத் தெளிவாகப் புரிந்தது. பக்கக்குரல், ‘பத்கலோசக்’ என்பார்கள். 1904-இலும் 1909-இலும் அவருடைய இரண்டு தொகுதிகள் வெளிவந்தன.

1911-இல் மித்ரஃபான் பியாத்நீத்ஸ்கி வரனேஷ், ரியஸான், ஸ்மலியென்ஸ்க் மாகாண விவசாயிகளை மாஸ்கோவுக்கு வரவழைத்து மேடையில் வீட்டில் பாடுவதைப் போலவே பாடவைத்தார். பாடி முடித்து ஊருக்குத் திரும்பி ஏர் பிடித்தவர்கள் அவர்கள். ஆனால் அவர் 1927-இல் மறைந்த பிறகு அதே பெயரில் இருந்த குழு வேறாக வளர்ந்தது. புதிதாக இயற்றிய பாட்டு, ஒரே மாதிரி உடை, நடத்துநர், வாத்தியக் குழு. வெளிநாட்டார் ‘ரஷ்ய நாட்டுப்பாட்டு’ என்று நினைப்பது பெரும்பாலும் அந்த மேடை வடிவம்தான். எல்லோருக்கும் தெரிந்த ‘கலின்கா’கூட 1860-இல் இவான் லரியோனவ் இயற்றியது.

அதனால்தான் 1973-இல் த்மீத்ரி பக்ரோவ்ஸ்கி தொடங்கிய குழு அவ்வளவு பெரிய திருப்பம். இசைக் கல்லூரியில் படித்தவர்கள், கற்ற குரலைக் கழற்றி வைத்துவிட்டுக் கிராமத்துப் பாட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஓர் ஊர்ப் பாட்டை அந்த ஊர்க் குரலில், அந்த ஊர்ப் பேச்சில், அந்த ஊர் அசைவோடு பாடினார்கள். ‘ரஷ்யக் குரல்’ என்று பொதுவாக ஒன்று இல்லை, ஊருக்கு ஊர் வேறு என்று காட்டியது அவர்கள்தான்.

இதே காலத்தில் ஆய்வாளர்கள் ஒவ்வொரு பாடகர் முன்னும் தனித்தனி ஒலிவாங்கி வைத்துத் தனித்தனிப் பாதையில் பதிந்தார்கள். ருத்னெவா, ஷூரவ், புஷ்கினா மூவரும் அப்படிப் பதிந்த பாட்டுகளைக் குரல் குரலாகப் பிரித்து எழுதி 1979-இல் வெளியிட்டார்கள். டாக்டர் அம்மா சொன்ன ‘இரண்டாமவர் போனார், மூன்றாமவர் விலகினார்’ என்பதைத் தாளில் பார்க்கலாம்.

இப்போது இழையின் கேள்விக்கு வருகிறேன். பக்ரோவ்ஸ்கி குழுவில் பாடிய அந்திரேய் கோத்தவ் 1989-இல் ‘சீரின்’ குழுவைத் தொடங்கினார். அவர் எடுத்தது கோயில் பாட்டையும் ஆன்மிக நாட்டுப்பாட்டையும். கிராமத்தில் கற்ற குரலோடு கொக்கிச் சுவடிக்குப் போனார். கோயிலில் நின்று பாடியவரும் மாலையில் திருமண வீட்டில் பாடியவரும் ஒரே ஆள்தானே? அவருக்கு இரண்டு தொண்டை இருந்திருக்காது.

10 | ஐயம்

கடைசி வரி கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 1970-களில் தெற்கு ரஷ்யப் பாட்டிகள் பாடிய குரலில்தான் 16-ஆம் நூற்றாண்டு மாஸ்கோ துறவிகள் பாடினார்கள் என்பதற்கு என்ன சாட்சி? வடக்கே அர்ஹாங்கெல்ஸ்க் பக்கம் பெண்கள் பாடும் விதமே வேறு. இவான் மன்னர், ‘பயங்கர’ இவான் என்போமே, அவரே பாட்டு இயற்றியவர். அவருடைய காலத்தில் ஃபியோதர் கிரெஸ்த்யானின் போன்ற பெரிய பாட்டாசிரியர்கள் இருந்தார்கள். அவர்கள் பயிற்சி பெற்ற கலைஞர்கள். வயலில் கூப்பிடுகிற குரலை அவர்கள் மேல் ஏற்றுவதும், ஈசோனை ஏற்றுவதும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

11 | ஒலிநாடா

ஐயம், நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அந்த வரியை நான் உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு பாதை என்று சொல்லலாம், முடிவு என்று சொல்ல முடியாது.

12 | நெவாக்கரை

ஐயம் கேட்ட கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. எனக்குக் கிடைத்த பதில் முழுமையானது இல்லை என்றாலும் எழுதுகிறேன்.

நீக்கனின் திருத்தத்தை ஏற்காதவர்கள் இருந்தார்கள் அல்லவா, பழைய சடங்கைக் காத்தவர்கள். எரிக்கப்பட்டார்கள், நாடு கடத்தப்பட்டார்கள், காட்டுக்குள் ஓடினார்கள். வடக்கே வீக் ஆற்றங்கரையில் 1694-இல் குடியிருப்பு அமைத்து நூற்றைம்பது வருடம் சுவடி எழுதினார்கள். மாஸ்கோவின் ரகோஷ்ஸ்கயில் 1771 கொள்ளைநோய்க் காலத்தில் இடம் கிடைத்தது, பிறகு 1856-இல் அவர்களுடைய பலிபீடங்களுக்கு முத்திரை வைத்துப் பூட்டினார்கள், 1905 வரை திறக்கவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் அவர்கள் கொக்கிப் பாட்டை விடவில்லை. இன்றும் வழிபாட்டில் பாடுகிறார்கள். அவர்களுக்கு இது மீட்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமை.

போன ஞாயிறு அனுமதி கேட்டு, குருக்கள் இல்லாத போமோர் பிரிவினரின் வழிபாட்டு இல்லத்துக்குப் போனேன். பிற நம்பிக்கையினர் பின்னால் நிற்கலாம், ஆனால் அவர்களோடு சேர்ந்து சிலுவை இடக் கூடாது. தலைமுக்காட்டை முடிச்சுப் போடாமல் தாடைக்குக் கீழே ஊசி குத்தியிருந்த பெண்களும் நீண்ட கறுப்பு அங்கி அணிந்த ஆண்களும் பெரிய புத்தகத்தைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் கையில் சுட்டுக்கோல், வரியைத் தொட்டுக்கொண்டே போகிறது. ஆணும் பெண்ணும் ஒரே மெட்டு. அடியில் சுருதி இல்லை. மேடைக் குரலும் இல்லை, டாக்டர் அம்மா சொன்ன வயல் குரலும் இல்லை. சற்று மூக்கில் தட்டும், நேரான, எந்த அலங்காரமும் இல்லாத குரல். வேகம் நான் நினைத்ததைவிட அதிகம். எங்கள் குழுவில் இதை ஏதோ உறைந்த நதி மாதிரி இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தோம்.

முதலில் சொற்கள் எனக்குப் புரியவேயில்லை. பிறகுதான் உறைத்தது, அது ஹமோனியா. பழைய ஸ்லாவிய எழுத்தில் மிகக் குறுகிய இரண்டு உயிர் ஒலிகள் இருந்தன. பேச்சில் அவை தேய்ந்துவிட்டன, ஆனால் அவற்றின் மேலும் கொக்கி எழுதியிருந்ததால் பாடகர்கள் அங்கே முழு உயிரொலி வைத்துப் பாடினார்கள். மீட்பர் என்று பொருள்படும் ‘ஸ்பாஸ்’ என்ற சொல் பாட்டில் ‘சொபாசொ’ ஆகிவிடும். 1651-இலேயே எவ்ஃப்ரோசின் என்ற துறவி இதனால் பொருள் சிதைகிறது என்று கடுமையாக எழுதினார், பிறகு சொற்களைத் திருத்தியும்விட்டார்கள். போமோர் போன்ற குருக்கள் இல்லாத பிரிவினர் மட்டும் இன்றும் அப்படியே பாடுகிறார்கள். பேச்சிலிருந்து அழிந்துபோன ஓர் ஒலி பாட்டின் மடியில் உயிரோடு கிடக்கிறது. பின்சுவரில் சாய்ந்து நின்று கேட்டபோது கைகால் சில்லிட்டது.

முடிந்ததும் ஒரு முதியவரிடம் கேட்டேன், புத்தகத்தில் இருப்பதும் நீங்கள் பாடுவதும் சில இடங்களில் வேறாக இருக்கிறதே என்று. ‘அது நப்பேவ்கா’ என்றார். காதோடு காதாக வந்த அந்தந்த ஊர்ப் பாடம். புத்தகம் பார்ப்பார்கள், பெரியவர்கள் பாடியபடி பாடுவார்கள்.

16-ஆம் நூற்றாண்டில் எப்படிப் பாடினார்கள் என்று இதுவும் நிரூபிக்காது, ஐயம். ஆனால் சுவடியையும் கற்பனையையும் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஆட்கள். அவர்களிடம் போய்க் கேட்காமல் எங்கள் குழு மூன்று குளிர்காலத்தைக் கழித்துவிட்டது.

13 | ஐயம்

இதை ஏற்கிறேன். நீங்கள் நேரில் போய்வந்ததற்கு நன்றி.

14 | கட்டைச்சுருதி

தம்பி, நான் என் ஓட்டைத் திரும்பப் பெறுகிறேன். காரணம் சொல்கிறேன், இதில் எனக்கு ஒரு பெரிய கண்டுபிடிப்பு கிடைத்தது.

நீங்கள் 3-ஆம் பதிவில் சொன்ன பன்னிரண்டு சுரத்தைத் தம்பூராவோடு பாடிப் பார்த்தேன். அடிச் சுரத்தை ஸட்ஜமாக வைத்தேன். ஸ ரி க, முழு இடைவெளிகள், க அந்தர காந்தாரம், அதாவது உயர்ந்த க. அரை இடைவெளியில் ம, பிறகு ப, த. மறுபடி அரை, கைசிகி நிஷாதம், மேல் ஸ, மேல் ரி. மறுபடி அரை. இப்போது வரும் மேல் காந்தாரம் அந்தரம் இல்லை, சாதாரணம், அதாவது தாழ்ந்த க! கீழே ஹரிகாம்போதியாகத் தொடங்கியது மேலே கரஹரப்ரியாவின் காந்தாரத்தில் போய் நிற்கிறது. ஒரே சுரத்துக்குக் கீழே ஓர் இடம், மேலே வேறு இடம். நம் முறையில் ஸ்தாயி மாறினாலும் சுரஸ்தானம் மாறாது. இங்கே ஏணியே வேறு விதமாகக் கட்டப்பட்டிருக்கிறது, எட்டாம் சுரத்தில் வட்டம் முடியவில்லை, கட்டு கட்டாக ஏறிக்கொண்டே போகிறது.

தம்பூரா ஒலிக்கும்வரை அந்த மேல் காந்தாரம் எனக்குத் தவறாகவே கேட்டது. தம்பூராவை நிறுத்திவிட்டுப் பாடினேன். தவறு மறைந்துவிட்டது. அந்தந்தக் கட்டுக்குள் நிற்கும்போது அதுவே வீடு. இருண்டதிலிருந்து ஒளியுள்ளதற்கு ஏறுவது உண்மையிலேயே வெளிச்சம் மாறுவது போலக் கேட்கிறது. அடியில் ஒரு சுரத்தை நிறுத்தி வைத்தால் அந்த ஏற்றம் முழுவதும் அந்த ஒரே சுரத்துக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது. நாற்பது வருடமாகச் சுருதிப்பெட்டி இல்லாமல் வாய் திறக்காதவள் இதை எழுதுகிறேன்.

15 | ஒலிநாடா

அருமை அக்கா. இதை நான் எங்கும் படித்ததில்லை.

உயிரோடு இருக்கும் ஆட்கள் என்று வந்ததால் இரண்டு சேர்க்கை. பைக்கால் ஏரிக்கு அப்பால், புர்யாத்தியாவில், ‘செமெய்ஸ்கியே’ என்று அழைக்கப்படும் பழைய சடங்கினர் இருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் குடும்பம் குடும்பமாக அனுப்பப்பட்டவர்கள், ‘செம்யா’ என்றால் குடும்பம். அவர்களுடைய நெடும்பாட்டுகளில் ஒரு சொல்லின் அசைகளுக்கு நடுவே இவ்வளவு இழை ஓடும், குரல்கள் இவ்வளவு அடர்த்தியாகப் பின்னும், சொல்லைக் கண்டுபிடிக்கவே பழக்கம் வேண்டும். 2001-இல் யுனெஸ்கோ அந்தப் பண்பாட்டை மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது.

இன்னொன்று நெக்ராசவ் கசாக்குகள் என்ற ரஷ்யப் போர்வீரர் சமூகம். 18-ஆம் நூற்றாண்டில் தோன் ஆற்றங்கரையை விட்டு வெளியேறி, உஸ்மானியப் பேரரசில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்துவிட்டு, 1962-இல் துருக்கியிலிருந்து திரும்பி ஸ்தாவ்ரபோல் பகுதியில் குடியேறினார்கள். அவர்களோடு பாட்டும் திரும்பியது. துருக்கிச் சாயல் ஏறிய நெளிவுகளோடு.

16 | சின்னக்குயில்

நான் கல்லூரி முதலாண்டு. எல்லாவற்றையும் படித்தேன். குரல் இல்லை, சுவடி இல்லை, ரஷ்ய மொழியும் தெரியாது. எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

17 | குர்ஸ்க்_டாக்டர்

கிராமப் பதிவுகளிலிருந்து தொடங்கு கண்ணு. மேடைக் குழுவைப் பிறகு கேட்கலாம். ஒரே பாட்டை இருபது தடவை கேள், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு குரலை மட்டும் பின்தொடர்ந்து போ.

18 | பழஞ்சுவடி

அதோடு பழைய சடங்கினரின் வழிபாட்டுப் பதிவு ஒன்று, கிரின்தேன்கோ நடத்தும் ஆண்கள் குழுவின் பதிவு ஒன்று, சீரின் குழுவின் பதிவு ஒன்று. மூன்றையும் அடுத்தடுத்துக் கேள். எது சரி என்று உடனே முடிவு செய்யாதே.

19 | நெவாக்கரை

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பாடிவிட்டு வந்தோம்.

மரத்தால் கட்டிய சின்னக் கோயில். உள்ளே முப்பது பேர் இருந்திருப்பார்கள், கண்ணாடியில் இன்னும் பனித்துளி. ஈசோன் வேண்டாம் என்று கடைசியில் ஒன்பது பேரும் ஒத்துக்கொண்டோம். கட்டைச்சுருதி அக்காவின் பதிவை நான் ரஷ்ய மொழியில் சொன்னபோது, ஈசோனுக்காக விடாப்பிடியாக நின்ற பல்மருத்துவர் ஏணியை மேலும் கீழுமாகப் பாடிப் பார்த்துவிட்டு, ‘இனி அடியில் எதையும் வைக்க மாட்டேன்’ என்றார். நாங்கள் முதல் வகுப்பில் கற்ற பயிற்சியும் அந்த ஏணிதான், மலை ஏறும் குன்று என்று பெயர்.

வேகத்தைக் கூட்டினோம். குரலைப் பொறுத்தவரை, யாரையும் போலப் பாட முயலவில்லை. பேசுகிற குரலிலிருந்து தொடங்கி நீட்டினோம். ஹமோனியா எடுக்கவில்லை. அது எங்களுடைய நப்பேவ்கா இல்லை, அதை வைத்திருப்பவர்களிடம் கற்காமல் எடுப்பது சரியாகப் படவில்லை. வசந்தம் அழைக்கும் பாட்டைக் கோயிலுக்குள் பாடாமல், வெளியே சேற்றில் நின்று பாடினோம். வரி முடிவில் வரும் அந்தக் கூவலைக் காடு திருப்பிக் கொடுத்தது.

கோயிலுக்குள் மூன்றாவது பாட்டில் ஒரு தவறு நடந்தது. நான்காம் க்லாஸில் ஒரு பிடியை நான் முன்னதாகவே எடுத்துவிட்டேன். ஒற்றைக் குரல் பாட்டில் தவறு மறையவே மறையாது, எட்டு பேருக்கு நடுவே நான் மட்டும் வேறு சுரத்தில் தனியாக நின்றேன். பக்கத்தில் டிராம் ஓட்டும் அம்மா. என் பக்கம் திரும்பவில்லை, முழங்கையால் லேசாகத் தொட்டார், அவ்வளவுதான். அடுத்த மூச்சில் அவருடைய குரலுக்குள் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

முடிந்ததும் ஊர்க்காரர் ஒரு பாட்டி வந்து, தன் அம்மா நோன்புக் காலத்தில் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது, மூன்று வரிதான் ஞாபகம் என்றார். அங்கேயே நின்று பாடினார். கைப்பேசியில் பதிந்துகொண்டோம். மீதி வரிகள் தன் அக்காவுக்குத் தெரியும், பக்கத்து ஊரில் இருக்கிறார், எண்பத்தொன்பது வயது என்றார்.

வரும் சனிக்கிழமை போகிறோம்.